தேர்தலுக்கு மறுநாள் காலை

தேர்தல் நாளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். யார் நிற்கிறார், யார் வெல்வார், எந்தக் கூட்டணி உடையும் என்பவை தேநீர்க் கடை முதல் திருமணப் பந்தி வரை வாதிக்கப்படுகின்றன. ஆனால் வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலையைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. வென்றவர் வீட்டு வாசலில் வெடித்த பட்டாசின் காகிதங்கள் சிதறிக் கிடக்கின்றன. வாடிய மாலைகள் குவிந்திருக்கின்றன. தோற்றவர் வீட்டுத் திண்ணையோ, நேற்றுவரை நிறைந்திருந்த கூட்டமின்றி வெறிச்சோடிக் கிடக்கிறது.

தோற்றவர் ஒரு வேட்பாளர் மட்டுமே. அவருக்கு வாக்களித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். சில வேளைகளில் இலட்சக்கணக்கானோர். அவர்கள் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. வென்றவர்களைப் போலவே வரி செலுத்துகிறார்கள். அதே சாலையில் நடக்கிறார்கள். அதே சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். அந்த மறுநாள் காலையில் அவர்களிடம் மிச்சம் இருப்பது என்ன? ஒரு மக்களாட்சியின் தரத்தை எடைபோட இதைவிடச் சிறந்த கேள்வி வேறொன்று இல்லை என்று தோன்றுகிறது. வென்றவனுக்கு வேண்டியதை எந்த முறையும் கொடுத்துவிடும். தோற்றவனுக்கு எதை விட்டுவைக்கிறது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

இரண்டு கேள்விகள்

நாடாளுமன்ற முறை சிறந்ததா, அதிபர் முறை சிறந்ததா என்று விவாதிக்கும்போது, இரண்டு வெவ்வேறு கேள்விகளை நாம் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது ஒன்று. வாக்குகளை எப்படி எண்ணுகிறோம் என்பது மற்றொன்று.

நாடாளுமன்ற முறையில் மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெற்றவர் தலைமை அமைச்சராகிறார். அந்த நம்பிக்கையை இழந்த நாளில் பதவியையும் இழக்கிறார். அதிபர் முறையில் மக்கள் ஆட்சித் தலைவரைத் தனியாகவும் சட்டமன்றத்தைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிபரின் ஆண்டுகள் முன்னரே எண்ணிக் கொடுக்கப்பட்டவை. சட்டமன்றம் அவரை விரும்பினாலும் வெறுத்தாலும் அந்த ஆண்டுகள் அவருடையவை.

இவை முதற் கேள்விக்கான விடைகள். இரண்டாம் கேள்வி இரு முறைகளிலும் எழுகிறது. இரு முறைகளிலும் தவறான விடையும் கிடைக்கக்கூடும். பிரிட்டனில் 1951-ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி கன்சர்வேட்டிவ் கட்சியைவிட அதிக வாக்குகள் பெற்றும் தோற்றது. தொகுதிகளின் கணக்கு அப்படி அமைந்தது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு அல் கோர் நாடு முழுவதிலும் எதிராளியைவிட ஏறத்தாழ 5 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும், 2016-ஆம் ஆண்டு ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்துக்கும் மேல் கூடுதலாகப் பெற்றும் அதிபராகவில்லை. மாநிலவாரியாக வாக்காளர் குழுவினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே மக்களின் வாக்குக்கும் பதவிக்கும் இடையே நிற்கிறது. முன்னது நாடாளுமன்ற முறையின் தாய்வீடு. பின்னது அதிபர் முறையின் தாய்வீடு. எண்ணும் முறையின் கோளாறு இரண்டு வீட்டிலும் புகுந்திருக்கிறது.

நம் நாட்டுக்கு எது பொருந்தும் என்ற கேள்வி எழுந்தபோது, 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். ஆட்சி நிலையானதாகவும் இருக்க வேண்டும், பொறுப்புள்ளதாகவும் இருக்க வேண்டும்; ஆனால் இரண்டையும் சம அளவில் தரும் முறையை எவரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பது அவர் கருத்து. அமெரிக்க முறை நிலைத்தன்மையைக் கூட்டித் தருகிறது. பிரிட்டிஷ் முறை பொறுப்பைக் கூட்டித் தருகிறது. முன்னதில் ஆட்சியின் கணக்கு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறைதான் பார்க்கப்படுகிறது. பின்னதில் கேள்விகளாலும் தீர்மானங்களாலும் விவாதங்களாலும் நாள்தோறும் பார்க்கப்படுகிறது. ஆகவே அரசியலமைப்பின் வரைவு, நிலைத்தன்மையைவிடப் பொறுப்பையே மேலாகக் கொண்டது என்று அவர் விளக்கினார்.

இந்த இரு முறைகளையும், ஒரே மண்ணில், ஒரே மக்கள், ஒரு தலைமுறைக்கு ஒன்றாக அனுபவித்துப் பார்த்த நாடு ஒன்று இராமேசுவரத்துக்கு அப்பால் நம் கண்ணெதிரே இருக்கிறது. இலங்கையின் தேர்தல் வரலாறு, நம் கேள்விக்கு நூல்களில் கிடைக்காத விடைகளைத் தருகிறது.

தொகுதிகளின் காலம்

இலங்கை மக்கள் 1931-ஆம் ஆண்டிலேயே, டொனமூர் அரசியலமைப்பின் வழியாக, ஆண் பெண் வேறுபாடின்றி வயது வந்தோர் வாக்குரிமையைப் பெற்றவர்கள். பிரிட்டனில் எல்லாப் பெண்களும் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 1947-இல் சோல்பரி அரசியலமைப்பின்கீழ், பிரிட்டிஷ் பாணியிலான நாடாளுமன்றம் அங்கே அமைந்தது. ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் வென்றவர் என்பது விதி.

அதை வரைந்தவர்கள் சிறுபான்மையினரை முற்றிலும் மறந்துவிடவில்லை. மாகாணங்களுக்கு இடங்களை ஒதுக்கும்போது ஒவ்வொரு 75,000 மக்களுக்கும் ஓர் இடம், அதனுடன் ஒவ்வொரு 1,000 சதுர மைல் பரப்புக்கும் ஓர் இடம் என்று வகுத்தார்கள். மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கும் கிழக்கும் இதனால் சற்றுப் பயன்பெறும் என்பது எண்ணம். கொழும்பு மத்தி போன்ற கலப்பு மக்கள் வாழும் தொகுதிகள் சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் தரப்பட்டனர். எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றலாகாது என்று 29-ஆம் பிரிவு தடை விதித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 95 உறுப்பினர்களோடு, இடம் கிடைக்காத நலன்களுக்காக ஆறு நியமன உறுப்பினர்களும் இருந்தனர். மேலவையும் ஒன்று இருந்தது.

வேலி நன்றாகத்தான் கட்டப்பட்டது. ஆனால் வேலிக்கு உள்ளே இருப்பவர் யார் என்று முடிவு செய்யும் உரிமை பெரும்பான்மையிடமே இருந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு அவர்களுடைய வாக்குரிமை பறிபோனது. 1947-இல் நுவரெலியாத் தொகுதியில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்டோரை அனுப்பிய அந்த மக்கள், 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் அமைப்பின் சார்பில் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணி வகுக்கப்பட்ட தொகுதிகள் அப்படியே இருந்தன. அவற்றில் வாக்களிக்க அவர்கள் மட்டும் இல்லை. அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. அவர்களின் வாக்குகள் எண்ணப்படவில்லை.

இவர்களில் பலர் பின்னர், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியமர்ந்த அந்தக் குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம். ஒரு தேர்தல் சட்டத்தின் சில வரிகள் ஒரு குடும்பத்தைக் கடல் கடத்த வல்லவை என்பதற்கு அவர்களே சாட்சி.

தொகுதி முறையின் மற்றொரு குணம் விரைவில் வெளிப்பட்டது. 1956-ஆம் ஆண்டு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயகாவின் கூட்டணி ஏறத்தாழ 40 விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டு 95 இடங்களில் 51 இடங்களைப் பெற்றது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 8 இடங்களே கிடைத்தன. அந்த ஆண்டிலேயே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. 1960 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 37 விழுக்காட்டுக்கும் மேல் பெற்று 30 இடங்களில் வென்றது. 34 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற சுதந்திரக் கட்சி 75 இடங்களில் வென்றது. சுதந்திரக் கட்சி குறைந்த தொகுதிகளில் போட்டியிட்டது இதற்கு ஒரு காரணம் என்றாலும், வாக்குக்கும் இடத்துக்கும் இடையே இருந்த பிளவு மக்களின் கண்ணில் படாமல் இல்லை.

1970-இல் சிறிமாவோ பண்டாரநாயகா தலைமையிலான ஐக்கிய முன்னணி மொத்த வாக்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றது. இடங்களோ 151-இல் 116. ஏறத்தாழ 38 விழுக்காடு பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 இடங்கள். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிய அந்தப் பலத்தைக் கொண்டு 1972-இல் புதிய குடியரசு அரசியலமைப்பு எழுதப்பட்டது. பழைய 29-ஆம் பிரிவு மறைந்தது. மேலவை அதற்கு முந்தைய ஆண்டே ஒழிக்கப்பட்டிருந்தது. 1970-இல் ஐந்தாண்டுகளுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் 1977 வரை தன் ஆயுளையும் தானே நீட்டித்துக்கொண்டது.

1977-இல் ஊசல் மறுபக்கம் வீசியது. ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 51 விழுக்காட்டு வாக்குகளுக்கு 168-இல் 140 இடங்களைப் பெற்றது. ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்கள். ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு, அதன் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்த காரணத்தால், 18 இடங்கள். அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தமிழர் ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது பெருமைதான். ஆனால் 140 பேருக்கு எதிரே அமர்ந்திருக்கும் 18 பேரின் தலைவருக்குக் குரல் இருந்தது. தடுக்கும் வலிமை இல்லை.

ஒரே தொகுதியான நாடு

ஜெயவர்த்தனா 1966-ஆம் ஆண்டிலேயே, சட்டமன்றத்தின் விருப்பு வெறுப்புக்கு ஆட்படாத, குறித்த காலம் ஆளும் ஆட்சித் தலைவர் வேண்டும் என்று பேசியவர். 1978 பிப்ரவரி 4-ஆம் நாள் அவர் நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் அதிபரானார். இலங்கைத் தமிழில் சனாதிபதி. செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

அது இரண்டு வாக்குறுதிகளை உள்ளடக்கியிருந்தது. நாடாளுமன்றத்துக்குத் தொகுதி முறை போய், மாவட்டவாரியான விகிதாசார முறை வரும். ஆகவே பாதி வாக்கைக் கொண்டு ஆறில் ஐந்து பங்கு இடங்களை இனி எவரும் பெற முடியாது. அதிபர் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. பாதிக்கு மேல் வாக்குப் பெற்றாலன்றி எவரும் வெல்ல முடியாது. வாக்காளர் முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பங்களைக் குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதலிருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். ஹட்டன் தோட்டத்து லயத்தில் வாழும் ஒருவரின் வாக்கும், யாழ்ப்பாணத்து மீனவரின் வாக்கும், மாத்தறை உழவரின் வாக்கும் ஒரே எடை பெறும். சிறுபான்மையினரைத் தேடிவராமல் எவரும் அதிபராக முடியாது என்று பலர் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கை வெறும் கனவன்று. அதற்கு ஆதாரங்கள் உண்டு. விகிதாசார முறையில் ஒரு மாவட்டத்தில் இடம் பெற எட்டில் ஒரு பங்கு வாக்குகள் வேண்டும் என்பது முதலில் இருந்த விதி. சிறு கட்சிகளுக்கு அது ஏறமுடியாத படி. 1988-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்கு முன், வேட்பாளர் பிரேமதாசாவிடம் முஸ்லிம் காங்கிரசின் தலைவர் அஷ்ரஃப் வைத்த கோரிக்கையின் பயனாக, அது 5 விழுக்காடாகக் குறைந்தது. மலையக மக்களில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அதே டிசம்பரில் பிரேமதாசா வென்றது 50.43 விழுக்காட்டில். ஒவ்வொரு வாக்கும் விலைமதிப்புடையதாய் ஆனபோது, கடைசி வரிசையில் நின்றவரின் கதவும் தட்டப்பட்டது.

ஆனால் முதல் வாக்குறுதி எப்போது நிறைவேறியது என்று பாருங்கள். 1982 அக்டோபரில் ஜெயவர்த்தனா 52.9 விழுக்காடு பெற்று மீண்டும் அதிபரானார். அவருடைய முதன்மை எதிராளியாக நின்றிருக்கக்கூடிய சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் 1980-லேயே பறிக்கப்பட்டிருந்தன. அதே 52.9 விழுக்காட்டை விகிதாசார முறையில் நாடாளுமன்றத்துக்குக் கணக்கிட்டால், 1977-இல் கிடைத்த மாபெரும் பெரும்பான்மை கரைந்துவிடும். ஆகவே நாடாளுமன்றத் தேர்தலே நடத்தப்படவில்லை. அதற்குப் பதிலாக, இருக்கும் நாடாளுமன்றமே இன்னும் ஆறு ஆண்டுகள் தொடரலாமா என்று டிசம்பரில் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஏறத்தாழ 54.7 விழுக்காட்டினர் ஆம் என்றனர் என அறிவிக்கப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தேதியிடாத பதவி விலகல் கடிதங்களை அதிபரிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1978-இல் ஏற்கப்பட்ட விகிதாசார முறையில் நாடாளுமன்றத் தேர்தல் முதன்முதலாக நடந்தது 1989 பிப்ரவரியில்.

இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். 1983 ஜூலை வந்தது. ஆகஸ்டில், பிரிவினையை மறுத்து உறுதிமொழி எடுக்கக் கட்டளையிடும் ஆறாம் திருத்தம் வந்தது. அதை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் இருக்கைகளை இழந்தார்கள். பேச வேண்டிய காலத்தில், பேசுவதற்கென மக்கள் அனுப்பியவர்கள் அவையில் இல்லை. தேர்தலில் தோற்றதால் அன்று. தேர்தல் நடக்காததாலும், வென்ற இடம் செல்லாததாக்கப்பட்டதாலும்.

மூன்று தேர்தல்கள்

இரண்டாம் வாக்குறுதியைச் சோதித்த மூன்று தேர்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2005-ஆம் ஆண்டு மகிந்த ராஜபக்ச 50.29 விழுக்காடு பெற்று வென்றார். ரணில் விக்கிரமசிங்காவைவிட அவருக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகள் 1,80,786 மட்டுமே. விடுதலைப் புலிகள் விதித்த புறக்கணிப்பால் வடக்கில் வாக்குச் சாவடிகள் வெறிச்சோடின. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். அளிக்கப்படாத வாக்குகளும் ஓர் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் என்பதை அந்தத் தேர்தல் காட்டியது.

2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேனா 51.28 விழுக்காடு பெற்று, பத்தாண்டுக் கால ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தார். இடைவெளி ஏறத்தாழ நாலரை இலட்சம். வடக்கு, கிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் திரண்டு அளித்த வாக்குகள் இல்லாமல் அந்த இடைவெளி இல்லை. தொகுதி முறையில் யாழ்ப்பாணத்தில் குவியும் வாக்குகள் யாழ்ப்பாணத்தின் இடங்களையே வெல்லும். அதிபர் முறையில் அவை நாட்டின் தலைவிதியையே மாற்றின.

2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச 52.25 விழுக்காடு பெற்றார். வடக்கும் கிழக்கும் மீண்டும் ஒன்றாய் அவருடைய எதிராளிக்கே வாக்களித்தன. இம்முறை அது போதவில்லை. பெரும்பான்மை இனத்தவரின் வாக்குகளைக் கொண்டே வெல்ல முடியும் என்பதைத் தாம் அறிந்திருந்ததாக, அனுராதபுரத்தில் பதவியேற்றபோது அவரே சொன்னார்.

ஆக, நாட்டை ஒரே தொகுதியாக்கினால் சிறுபான்மையினரின் வாக்கு சில வேளைகளில் திறவுகோலாகிறது. சில வேளைகளில் தேவையற்றதாகிறது. எந்த வேளையில் எது என்பதை அந்த மக்கள் தீர்மானிப்பதில்லை. பெரும்பான்மை எவ்வளவு பிளவுபட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. திறவுகோலாய் இருந்த ஆண்டிலும், மறுநாள் காலையில் அதிகாரம் முழுவதும் சென்று சேர்ந்தது ஒரே ஒருவரின் கையில். தாம் தேர்ந்தெடுத்தவர் தம்மை மறந்துவிட்டால் அவரை இடித்துரைக்க ஐந்தாண்டுகள், ஆறாண்டுகள் காத்திருக்க வேண்டும். அதே சிறிசேனா 2018-இல் தலைமை அமைச்சரை நீக்கி நாடாளுமன்றத்தையும் கலைத்தபோது, அது சட்டத்துக்கு முரணானது என்று சொல்லித் தடுத்தது உச்ச நீதிமன்றம்தான், வாக்காளர்கள் அல்லர்.

பாதிக்கு மேல் என்ற விதியும் முழுமையானதன்று என்பதை 2024 செப்டம்பர் தேர்தல் புலப்படுத்தியது. முதலாவதாக வந்த அனுர குமார திசாநாயக்காவுக்குக் கிடைத்தவை 42.31 விழுக்காடு. வரலாற்றில் முதன்முறையாக அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த சீட்டுகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றில் முதலிருவருக்குச் சேர்ந்த விருப்பங்கள் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. இரண்டாம் விருப்பத்தைக் குறிக்கும் உரிமை 46 ஆண்டுகளாகச் சட்டத்தில் இருந்தும், மிகப் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை. சட்டம் தந்த ஒரு கருவி, கையில் எடுத்துப் பழகாத காரணத்தால் துருப்பிடித்துப் போயிற்று.

விகிதாசார முறைக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதன்கீழ் பல ஆண்டுகள் எந்தக் கட்சிக்கும் 225-இல் 150 இடங்கள் தேர்தலில் நேரடியாகக் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 இடங்களைப் பெற்றபோது, அது மக்களின் 61.56 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றிருந்தது. 1977-இல் 51 விழுக்காட்டுக்கு ஆறில் ஐந்து பங்கு. 2024-இல் 61 விழுக்காட்டுக்கு நூற்றுக்கு எழுபது. வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு வெகுவாகச் சீர்பட்டிருக்கிறது. இழப்பும் உண்டு. தொகுதி போய் மாவட்டம் வந்ததால், எங்கள் ஊர் உறுப்பினர் என்று கைநீட்டிச் சொல்ல ஒருவர் இல்லாமற் போனார். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியின் வேட்பாளர்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள்.

ஒரு வாக்கும் ஒரு தெருவும்

அதிபர் முறையின் விலை என்ன என்பதை இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் விளங்கும். 1964 டிசம்பரில், சிறிமாவோவின் அரசு நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தோற்றது, 74-க்கு 73. தேர்தல் வந்தது, 1965-இல் ஆட்சி மாறியது. நம் நாட்டிலும் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரு வாக்கில் வீழ்ந்ததை நாம் கண்டோம். எவர் வீட்டுக் கதவும் உடைக்கப்படவில்லை; அவையில் கை உயர்ந்தது, அரசு விலகியது.

2022-இலோ, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்று வாடியபோது, 52.25 விழுக்காடு பெற்ற அதிபரை அவர் காலம் முடியுமுன் அகற்ற எளிய வழி எதுவும் அரசியலமைப்பில் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானமும் உச்ச நீதிமன்ற விசாரணையும் வேண்டும். 1991-இல் பிரேமதாசாவுக்கு எதிராக அவ்வழியில் எடுக்கப்பட்ட முயற்சி தோல்வியுற்றது. ஆகவே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 9-ஆம் நாள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். 14-ஆம் நாள் கோத்தபய வெளிநாட்டிலிருந்து பதவி விலகினார். நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குச் செய்திருக்கக்கூடியதை, இங்கே ஒரு தெருவே திரண்டு செய்ய வேண்டியிருந்தது. நிலைத்தன்மை என்று 1978-இல் வாங்கிய பொருளின் விலை இது.

அப்படியானால் நாடாளுமன்ற முறையே போதும் என்று முடித்துவிடலாமா? முடியாது. மலையக மக்களின் வாக்கைப் பறித்தது, அதிபர் இல்லாத, முறைப்படி நடந்த நாடாளுமன்றம். 1956-ஆம் ஆண்டின் மொழிச் சட்டமும் அவ்வாறே நிறைவேறியது. நம் நாட்டின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1984-இல் காங்கிரஸ் பாதிக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளைக் கொண்டு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இடங்களைப் பெற்றது. 2014-இல் பாரதிய ஜனதா 31 விழுக்காட்டைக் கொண்டு 543-இல் 282 இடங்களைப் பெற்றது. எண்ணும் முறையின் கோணல் நம்மிடமும் உண்டு. ஆயினும் இங்கே மத்தியில் தோற்ற கட்சி ஒரு மாநிலத்தை ஆள்கிறது, அங்கிருந்து வாதாடுகிறது. 1967 முதல் தமிழ்நாடு அதற்குச் சான்று. தோற்றவனுக்கு ஒதுங்க ஒரு திண்ணை இருக்கிறது. இலங்கையில் அத்தகைய திண்ணையாக 1987-இல் அமைக்கப்பட்ட மாகாண சபைகளுக்கு, 2014-க்குப் பின் பல ஆண்டுகள் தேர்தலே நடத்தப்படவில்லை.

மிச்சம் இருக்க வேண்டியவை

இந்த நெடிய வரலாற்றிலிருந்து நாம் எடுத்துச் செல்லக்கூடியது ஒரு முறையின் பெயரை அன்று. தேர்தலுக்கு மறுநாள் காலையில், தோற்றவரிடம் மூன்று பொருள்கள் மிச்சம் இருக்க வேண்டும் என்பதையே. தன் வாக்கு எண்ணப்பட்டது, அதன் அளவுக்கேற்ப அவையில் ஓர் இடத்தையும் பெற்றது என்ற நிறைவு ஒன்று. வென்றவரை நாளையே எழுந்து நின்று கேள்வி கேட்க, தன் சார்பில் ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி மற்றொன்று. எத்தனை பேர் கை உயர்த்தினாலும் தன் குடியுரிமையையும் மொழியையும் வழிபாட்டையும் தொட முடியாது என்ற காப்பு மூன்றாவது. இலங்கையின் தொகுதிக் காலம் இரண்டாவதைத் தந்தது; முதலாவதைத் தரவில்லை. அதிபர் காலம் முதலாவதை ஓரளவு தந்தது, இரண்டாவதைச் சுருக்கியது. மூன்றாவதை இரண்டு காலங்களும் தரத் தவறின. அந்த மூன்றாவது இல்லாத இடத்தில், மற்ற இரண்டும் நெடுநாள் நிலைத்ததில்லை.

பெரிய நாடுகளைப் பற்றிப் பேசும்போது இவை நமக்குத் தொலைவானவை போலத் தோன்றலாம். ஆனால் நாமும் தேர்தல் நடத்துகிறோம். ஊராட்சியில், கூட்டுறவுச் சங்கத்தில், நம் பங்குப் பேரவையில்கூட நடத்துகிறோம். அங்கும் வென்றவர்கள் உண்டு, தோற்றவர்கள் உண்டு. அடுத்த கூட்டத்தில் தோற்றவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டால், நம் முகம் எப்படி மாறுகிறது? தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்கிறோமா? அல்லது அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்கிறோமா?

அரசியலமைப்புகள் தலைநகரங்களில் எழுதப்படுகின்றன. அவற்றுக்கு உயிர் தரும் பழக்கமோ இத்தகைய சிறு கூட்டங்களில்தான் உருவாகிறது. அடுத்த தேர்தலின் மறுநாள் காலையில், வென்றவர் வீட்டு வாசலைக் கடந்து சற்றுத் தொலைவு நடந்து, அந்த வெறிச்சோடிய திண்ணையில் ஒரு நிமிடம் அமர்ந்து பார்ப்போம். நாடு எப்படி இருக்கிறது என்பது அங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.